பேரிங் ஒட்டுவதற்கு முன்

பள்ளி மாணவர்களுக்கான செஸ் போட்டிகளில் நடுவராக நிற்கும் நாட்களில் கையில் ஒரு நோட்டு வைத்திருப்பேன். ஆட்டங்களைப் பற்றி அதில் அதிகம் இருக்காது. விதி தெரியாமல் அழுத பிள்ளைகள், தகுதிப் பத்தியைப் படிக்காமல் வந்து திரும்பிப் போன குடும்பங்கள், படித்தும் புரியாத அறிவிப்புகள் ஆகியவைதான் நிறைய. சிலவற்றை இங்கே எடுத்து எழுதுகிறேன்.

*

காலை எட்டரைக்குப் பதிவு மேசையில் முதல் பேச்சு வயதைப் பற்றித்தான்.

"பையனுக்குப் போன மாசமே பத்து முடிஞ்சு போச்சுங்க. பத்து வயசுக்குள்ள பிரிவுல ஆடலாங்களா?" என்று ஓர் அப்பா நேர்மையாகக் கேட்பார். ஆடலாம். செஸ்ஸில் வயதைப் பார்ப்பது போட்டி நடக்கும் நாளில் அல்ல, அந்த ஆண்டின் ஜனவரி 1-ஆம் தேதியில். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் கணக்கு இது. நம் ஊர்ச் சங்கங்களும் இதையே பின்பற்றுகின்றன. 2025-இல் நடக்கும் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டி என்றால் 2015 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். பிப்ரவரியில் பத்து முடிந்த பிள்ளை டிசம்பர் கடைசி வரை அந்தப் பிரிவில் ஆடலாம். 2014 டிசம்பர் 29-இல் பிறந்த பிள்ளை அந்த ஆண்டு முழுக்க ஆட முடியாது. மூன்று நாள் வித்தியாசம்தான். அந்த அம்மாவுக்கு இதை விளக்கிச் சொல்வது கஷ்டம். ஆனால் கோடு எங்காவது விழுந்துதான் ஆக வேண்டும்.

அறிவிப்பில் 'பத்து வயதுக்குட்பட்டோர்' என்று மட்டும் அச்சடிப்பது அரைகுறை வேலை. பிறந்த தேதியை எழுதுங்கள்: '1.1.2015 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள்'. இந்த ஒரு வரி இருந்தால் காலைத் தகராறில் பாதி நடக்காது.

*

எண்கள் வேறு குழப்புகின்றன. உலக இளையோர் போட்டிகளில் 8, 10, 12, 14, 16, 18 என்று இரட்டைப்படையில் பிரிவுகள். பள்ளி மாணவர்களுக்கென்றே நடக்கும் உலகப் போட்டியில் 7, 9, 11, 13, 15, 17 என்று ஒற்றைப்படை. நம் பள்ளிக்கல்வித் துறை நடத்தும் போட்டிகளில் 11, 14, 17, 19. ஒரே பிள்ளை ஒரே ஆண்டில் மூன்று விதமான பிரிவுகளில் பெயர் கொடுக்கும். 'அண்டர் நைன்' கோப்பையோடு வீட்டுக்குப் போனவனை 'அண்டர் டென்'னில் சேர்க்கும்போது, மேல் பிரிவுக்குத் தள்ளுகிறோம் என்று தாத்தா பாட்டி நினைத்துக்கொள்கிறார்கள்.

சின்னப் பிள்ளை பெரிய பிரிவில் ஆடத் தடை கிடையாது. பெரிய பிள்ளைதான் சின்னப் பிரிவுக்கு இறங்கக் கூடாது. ஒரே நாளில் இரண்டு பிரிவுகளிலும் ஆடுவதைப் பெரும்பாலான அமைப்பாளர்கள் அனுமதிப்பதில்லை; ரவுண்டுகள் மோதும்.

மாணவியர் விஷயமும் இதைப் போன்றதுதான். பெண்கள் பிரிவில் பெண்கள் மட்டும். பொதுப் பிரிவில் யார் வேண்டுமானாலும் ஆடலாம். 'பொது' என்பதை 'ஆண்கள்' என்று படித்துவிட்டு, நன்றாக ஆடும் பெண்ணைக் கூட்டி வராமலே விட்ட பள்ளிகள் உண்டு. அறிவிப்பு எழுதுகிறவர்கள் இதை அடைப்புக்குறிக்குள் ஒளிக்காமல் தனி வரியாகப் போட வேண்டும்.

*

பிறப்புச் சான்றிதழை வாங்கினால் இரண்டு தேதிகளைப் பார்ப்போம். பிறந்த தேதி ஒன்று, பதிவான தேதி ஒன்று. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். ஓராண்டு தாண்டிவிட்டால் மேலதிகாரியின் உத்தரவு இல்லாமல் பதிய முடியாது. பிறந்து ஏழெட்டு வருடம் கழித்து, போட்டிகளுக்குப் போக ஆரம்பித்த பிறகு பதிவான சான்றிதழ் என்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். விளையாட்டில் வயதைக் குறைத்துக் காட்டுவது நாட்டில் பெரிய நோய். மத்திய விளையாட்டு அமைச்சகம் 2010-இல் இதற்கென்றே தனி விதித்தொகுப்பு கொண்டுவந்தது.

ஆனாலும் எல்லாத் தாமதப் பதிவையும் ஒரே கண்ணோடு பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மலைக்கிராமத்தில் வீட்டிலேயே பிரசவம், அப்பா செங்கல் சூளை சூளையாகப் போகிறவர் என்றால் பதிவு தாமதமாகும். அந்தப் பிள்ளைக்கு முதல் வகுப்புச் சேர்க்கைப் பதிவேடு, பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் எண், தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட போனஃபைடு சான்றிதழ் எல்லாம் ஒரே தேதியைச் சொன்னால் அதை நம்பலாம். ஏமாற்றுகிறவரிடம் காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

*

ஏணி இரண்டு. இதை யாராவது ஒரு பக்கப் படமாக வரைந்து பள்ளிகளுக்கு அனுப்ப வேண்டும்.

ஒன்று பள்ளிக்கல்வித் துறையின் ஏணி: குறுவட்டம், மாவட்டம், மாநிலம். பெயர் கொடுப்பது பள்ளி வழியாக. உடற்கல்வி ஆசிரியர் பொறுப்பு. மற்றொன்று செஸ் சங்கங்களின் ஏணி: மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், அகில இந்திய செஸ் கூட்டமைப்பு, அதற்கு மேல் ஃபிடே. இங்கே பெயர் கொடுப்பது பிள்ளையும் பெற்றோரும்தான். மாநிலத் தேர்வுப் போட்டிக்குப் போவதென்றால் கூட்டமைப்பில் பதிவு எண் வேண்டும், அதைப் புதுப்பித்தும் வைத்திருக்க வேண்டும்.

குறுவட்டத்தில் ஜெயித்த பையனை அழைத்துக்கொண்டு சங்கப் போட்டிக்கு வந்து, "இவன் ஏற்கெனவே செலக்ட் ஆயிட்டானுங்க" என்று நின்ற ஓர் ஆசிரியரை மறக்க முடியவில்லை. அந்தச் சான்றிதழ் அந்த ஏணிக்கு மட்டும்தான். அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடம் அறிவிப்பின் முதல் பத்தி. நாங்கள் அந்த இடத்தில் வரவேற்புரையை அச்சடிக்கிறோம்.

*

'ரிப்போர்ட்டிங் டைம் காலை 8.30. தாமதமாக வருபவர்கள் அனுமதிக்கப்பட மாட்டார்கள்.'

ஈரோட்டில் போட்டி என்றால் தாளவாடிப் பிள்ளைக்கும் இதே மாவட்டம்தான். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி, பண்ணாரி, சத்தியமங்கலம் தாண்டி, நூறு கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும். முதல் நாள் இரவே வந்து தங்க எல்லார் கையிலும் காசு இருக்காது. விதிப்படி வழி இருக்கிறது. முதல் ரவுண்டு பேரிங் (யாரோடு யார் ஆடுவது என்ற பட்டியல்) போட்ட பிறகு வருகிறவரை இரண்டாவது ரவுண்டிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம். அறிவிப்பிலேயே சொல்லியிருந்தால் ஒரு ரவுண்டுக்கு அரைப் புள்ளி 'பை' (ஆடாமலே கிடைக்கும் புள்ளி) கேட்டு வாங்கலாம். பெயர் கொடுக்கும்போதே 'வரத் தாமதமாகும்' என்று போனில் சொல்ல ஓர் எண் கொடுத்தாலே போதும். 'அனுமதிக்கப்பட மாட்டார்கள்' என்ற வாக்கியத்தை எழுதுவது சுலபம். மலையிறங்கி வந்து நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

ஆட்டம் தொடங்கிய பின் எத்தனை நிமிடம் வரை எதிராளிக்காகக் காத்திருப்பது என்பது வேறு விஷயம். அது போட்டிக்குப் போட்டி மாறும். சில இடங்களில் பூஜ்யம். நடுவர் 'ஸ்டார்ட்' சொல்லும்போது நாற்காலியில் ஆள் இல்லையென்றால் ஆட்டம் போச்சு. அதையும் எண்ணால் எழுத வேண்டும். 'குறித்த நேரத்தில்' என்றால் யாருக்கும் எதுவும் புரியாது.

*

தொட்டால் ஆட வேண்டும். இதை எல்லாப் பிள்ளைகளும் 'டச் மூவ்' என்று சொல்வார்கள். அதற்குள் இருப்பது பலருக்குத் தெரியாது.

ஆடும் எண்ணத்தோடு நம் காயைத் தொட்டால் அதை ஆட வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால், வெட்ட முடியுமென்றால் வெட்ட வேண்டும். கட்டத்தில் கோணலாக இருக்கும் காயைச் சரிசெய்ய வேண்டுமா? நம் முறையாக இருக்க வேண்டும்; 'அட்ஜஸ்ட்' என்று முதலில் சொல்ல வேண்டும், பிறகுதான் கை. பிள்ளைகள் கையை வைத்துவிட்டுச் சொல்கிறார்கள். எதிரே இருப்பவர் அடுத்த நொடியே கையைத் தூக்கி என்னைக் கூப்பிடுவார்.

ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் நகர்த்தும் கேஸ்லிங்கில் இன்னும் நுணுக்கம். ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும், ஒரே கையால். யானையை முதலில் தொட்டுவிட்டு ராஜாவைத் தொட்டால் அந்தப் பக்கம் அந்த முறை கேஸ்லிங் கிடையாது, யானையைத்தான் ஆட வேண்டும். வீட்டில் அண்ணனோடு ஆடும்போது இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் மாற்றி வைத்துப் பழகிய பிள்ளைகள் நிறைய. போட்டியில் இரண்டு கையால் செய்துவிட்டு கிளாக்கை அமுக்கினால் அது முறையற்ற நகர்த்தல்.

புகார் சொல்லவும் காலம் உண்டு. எதிராளி டச் மூவை மீறினார் என்றால், நாம் நம் காயில் கை வைப்பதற்கு முன் சொல்ல வேண்டும். கை வைத்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். 1994-இல் ஸ்பெயினின் லினாரெஸ் நகரில் காஸ்பரோவ் குதிரையை ஒரு கட்டத்தில் வைத்துக் கையை எடுத்துவிட்டு, மறுபடி எடுத்து வேறு கட்டத்தில் வைத்தார். கை விலகியிருந்தது கால் விநாடி. கேமராவில் பதிவாகியிருந்தது. எதிரே இருந்த யூதித் போல்காருக்கு அப்போது வயது 17. அந்த நேரத்தில் அவர் நடுவரைக் கூப்பிடவில்லை. ஆட்டத்தில் தோற்றார். உலக சாம்பியன் எதிரே இருக்கும்போது கையைத் தூக்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பார்க்கிறேன். நம் ஊரில் நாலாம் வகுப்புப் பெண்ணுக்கு எதிரே பத்தாம் வகுப்பு அண்ணன் உட்கார்ந்தாலே அதே பயம்தான். அதனால் முதல் ரவுண்டுக்கு முன் மைக்கில் நான் சொல்வது இதைத்தான்: "யார் எதிர்ல இருந்தாலும் சரி, சந்தேகம்னா கையைத் தூக்கு. கத்த வேண்டாம், சண்டை போட வேண்டாம். கிளாக்கை நிறுத்திட்டுக் கையை மட்டும் தூக்கு. நான் வர்றேன்."

*

ராணி எங்கே?

ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவு, கடைசி மேசைகளில் ஒன்று. வெள்ளைச் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. பையன் அதன் தலையில் விரலை வைத்தபடி சுற்றிப் பார்க்கிறான். அவன் இழந்த ராணி எதிராளியின் பக்கம், தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால் கிடக்கிறது, அவனுக்குத் தெரியவில்லை. கிளாக் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுந்து பக்கத்து மேசைக்குப் போகிறான், அங்கே வெளியே இருக்கும் ராணியை எடுக்கிறான், அந்த மேசைப் பிள்ளைகள் கத்துகிறார்கள். நான் போவதற்குள் அவன் கண்ணில் நீர்.

அவன் செய்திருக்க வேண்டியது: கிளாக்கை நிறுத்திவிட்டு நடுவரிடம் ராணி கேட்பது. பதவி உயர்வுக்குக் காய் கிடைக்காதபோது அதற்கு விதியே அனுமதி தருகிறது. செய்யக் கூடாதவை இரண்டு. சிப்பாயை அப்படியே கடைசிக் கட்டத்தில் வைத்துவிட்டு கிளாக்கை அமுக்குவது ஒன்று. அது முறையற்ற நகர்த்தல், சிப்பாய்க்குப் பதில் ராணி வந்தே தீரும், வேறு காய் கேட்க முடியாது. யானையைத் தலைகீழாக வைத்து 'இதுதான் ராணி' என்பது மற்றொன்று. வீட்டில் செல்லும், போட்டியில் செல்லாது. தலைகீழாக நின்றாலும் யானை யானைதான்.

இதில் பெரியவர்களும் தப்பவில்லை. 2017-இல் கனடா நாட்டு சாம்பியன்ஷிப்பின் பட்டத்தைத் தீர்மானிக்கும் பிளிட்ஸ் (அதிவேக) ஆட்டத்தில் நோரிட்சின் என்பவருக்கு ராணி கைக்கெட்டவில்லை. அது எதிராளி சம்புயேவின் கையிலேயே இருந்தது. அவசரத்தில் யானையைத் தலைகீழாக வைத்தார். நடுவர் அது யானை என்றே தீர்ப்பளித்தார். பட்டம் சம்புயேவுக்குப் போனது. அந்த வீடியோவைப் பயிற்சியாளர்கள் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

ஒவ்வொரு போர்டிலும் இரண்டு நிறத்திலும் ஒரு ராணி கூடுதலாக வைப்பது அமைப்பாளரின் கடமை என்பது என் கட்சி. செலவு மிகக் குறைவு.

*

ராஜாவை வெட்டி எடுத்துக்கொண்டு "ஜெயிச்சுட்டேன் சார்" என்று ஓடிவரும் பிள்ளைகள் ஒவ்வொரு போட்டியிலும் உண்டு. செக்கில் இருப்பதைப் பார்க்காமல் எதிராளி வேறு காயை ஆடிவிட்டான், அதனால் ராஜாவை வெட்டினேன் என்பார்கள். செஸ்ஸில் ராஜாவை வெட்டுவது என்ற நகர்த்தலே கிடையாது. செக்கை விட்டுவிட்டு ஆடியது முறையற்ற நகர்த்தல். நிறுத்தி நடுவரைக் கூப்பிட வேண்டும். முதல் தடவை என்றால் நகர்த்தலைத் திருப்பி, தவறு செய்தவரின் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகத் தருவோம். பிளிட்ஸ் என்றால் ஒரு நிமிடம். அதே ஆள் இரண்டாம் தடவை செய்தால் ஆட்டம் போச்சு. எதிராளியால் எப்படி ஆடினாலும் மேட் கொடுக்க முடியாத நிலை என்றால் மட்டும் டிரா.

பள்ளிப் போட்டிகளில் பெரும்பாலானவை ரேபிட். எல்லா மேசைக்கும் நடுவர் இருக்க முடியாத ரேபிட்டில், தவறைக் கவனிக்காமல் நாம் அடுத்த நகர்த்தலை ஆடிவிட்டால் பிறகு அதைச் சொல்லித் திருத்த முடியாது. மூன்று நகர்த்தலுக்குப் பிறகு "சார், அவன் அப்பவே தப்பா ஆடினான்" என்றால் என் கையில் எதுவும் இல்லை. பிள்ளைக்கு இது அநியாயமாகத் தெரியும். முன்கூட்டியே சொல்லியிருந்தால் விதியாகத் தெரியும்.

*

போன். ஸ்மார்ட் வாட்சும் சேர்த்தி. பிறந்தநாளுக்கு மாமா வாங்கிக் கொடுத்த வாட்சோடு உட்கார்ந்தாலும் ஆட்டம் போகலாம். 2003-இல் பல்கேரியாவில் நடந்த ஐரோப்பிய அணிகள் போட்டியில் பொனோமரியோவின் போன் ஒலித்தது, ஆட்டம் எதிராளிக்குப் போனது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் ஃபிடேயின் உலக சாம்பியன் ஆகியிருந்தார். வெளியே அப்பாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே வா. அவ்வளவுதான்.

உடை. பள்ளிச் சீருடை போதும். 2024 டிசம்பரில் நியூயார்க்கில் நடந்த உலக ரேபிட் போட்டியில் ஜீன்ஸ் போட்டு வந்ததற்காக முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சனுக்கே 200 டாலர் அபராதம் விதித்தார்கள். மாற்ற மறுத்ததால் ஒன்பதாவது ரவுண்டில் அவருக்குப் பேரிங் போடவில்லை. அதன் பிறகு எட்டாம் வகுப்புப் பையன்களிடம் உடையைப் பற்றிப் பேசுவது எனக்கு எளிதாகிவிட்டது.

*

"நான் யார ஜெயிச்சேன் மாமா?"

ஏழு வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஒரு குட்டிப் பெண். ஒற்றைப்படை எண்ணிக்கை, அவளுக்கு 'பை' விழுந்தது. பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே பெயர் இல்லை, ஆனால் ஒரு புள்ளி இருக்கிறது. அம்மாவுக்குச் சந்தோஷம். அவளுக்கு அழுகை. ஆட வந்தவளுக்கு ஆட்டம் இல்லை.

சுவிஸ் முறை அப்படித்தான். தோற்றவரை வெளியே அனுப்பாமல், ஒரே புள்ளியில் இருப்பவர்களை மோதவிடுவது. ஒருமுறை மோதியவர்கள் மறுபடி மோதக் கூடாது. வெள்ளை, கறுப்பு நிறங்கள் முடிந்தவரை மாறி மாறி வர வேண்டும். 1895-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் முதலில் பயன்பட்ட முறை என்பதால் அந்தப் பெயர். ஏழு ரவுண்டு வைத்தால், டிரா இல்லாவிட்டால் 128 பேர் வரை ஒரே ஒருவர்தான் எல்லாவற்றையும் ஜெயித்து நிற்க முடியும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. முதல் ரவுண்டில் தோற்ற பிள்ளையும் மாலை வரை ஆடும். நாக்அவுட் வைத்தால் பாதிப்பேர் பத்து மணிக்கே மண்டப வாசலில் உட்கார்ந்திருப்பார்கள்.

'பை' விழும் சின்னப் பிள்ளைகளோடு ஆட, போட்டியில் இல்லாத ஒரு மூத்த மாணவரை அமைப்பாளர் ஏற்பாடு செய்யலாம். புள்ளிக் கணக்கில் வராவிட்டால் என்ன? அன்று அவளோடு நானே ஒரு போர்டைப் போட்டு உட்கார்ந்தேன்.

*

பெற்றோர் உள்ளே வரக் கூடாது. ஜன்னலோரமும் நிற்கக் கூடாது. விதி கடுமைக்காக எழுதப்பட்டதல்ல. அப்பாவின் புருவம் ஏறி இறங்குவதைப் பார்த்துப் பிள்ளை கையை மாற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். எதிராளிக்கு அது அநியாயம், சொந்தப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய அநியாயம். எதிர் மேசையில் தவறு நடப்பதைப் பார்த்தால்கூட நடுவரிடம் மட்டும்தான் சொல்லலாம்; பக்கத்து மேசைப் பிள்ளைகளுக்கும் இதே விதி.

*

ரிசல்ட் சீட்டு. ஆட்டம் முடிந்ததும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். 1-0 என்றால் வெள்ளை ஜெயித்தது. கறுப்பில் ஜெயித்த பையன் சந்தோஷத்தில் 1-0 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடிவிடுவான். அடுத்த பேரிங் ஒட்டிய பிறகு அப்பா வந்து நிற்பார். இருவரும் கையெழுத்திட்ட முடிவு தவறாகவே இருந்தாலும், நடுவர் வேறு மாதிரி முடிவெடுத்தால் தவிர அதுவே நிற்கும். எதிராளிப் பிள்ளை உண்மையைச் சொன்னால் திருத்தலாம். பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். பிள்ளைகளிடம் எனக்கு மிகவும் பிடித்தது இது. "ஆமா சார், அவன்தான் ஜெயிச்சான்" என்று தன் புள்ளியை விட்டுக்கொடுத்த ஆறாம் வகுப்புப் பெண்ணைக் கோப்பை மேடைக்கு அழைத்துக் கைதட்டச் சொன்னோம்.

*

2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட். இந்தியாவில் நடந்த முதல் ஒலிம்பியாட். அதையொட்டி அரசுப் பள்ளிகளில் போட்டிகள் நடந்தன. வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' சுவரெல்லாம் நின்றது. இந்திய வீரர் குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் ஜெயித்தபோது அவருக்கு வயது 16, பள்ளி வயதுதான். அதற்கு முன் அரசுப் பள்ளியில் செஸ் போர்டு அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். அந்த ஆண்டு வெளியே வந்தது. இப்போது பதிவு மேசைக்கு வரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பலர் அந்த அலையில் காய் பிடித்தவர்கள்.

அந்தப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது விதிகளின் கடைசிப் பத்தியில் இருக்கும் ஒரு வரி: 'செஸ் போர்டும் கிளாக்கும் கொண்டு வரவும்.' அமைப்பாளருக்குச் செலவு மிச்சம். கூலிக்குப் போகும் வீட்டில் டிஜிட்டல் கிளாக் ஒன்றின் விலை பல நாள் சம்பளம். கிளாக் இல்லாத பிள்ளைகள் பெரும்பாலும் கிளாக் வைத்து ஆடிப் பழகாதவர்கள். ஆடிவிட்டு அமுக்க மறந்து, நல்ல நிலையில் நேரம் போய்த் தோற்கிறார்கள். இருவரில் ஒருவரிடம் இருந்தால் போதும் என்று எழுதலாம். பள்ளிக்கு இரண்டு கிளாக் என்று பழைய மாணவர்களிடம் கேட்டு வாங்கலாம். நுழைவுக் கட்டணத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டென்றால் அதைப் பெரிய எழுத்தில் போடலாம். கேட்டால்தான் தருவோம் என்றால் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு அது கிடைக்காது.

*

டை பிரேக். மூன்று பேர் ஆறு புள்ளி, கோப்பை இரண்டு. மாலை ஆறு மணிக்கு மண்டபத்தில் குரல் உயரும் நேரம் இது.

டை பிரேக் கணக்குகளில் ஒன்றான புக்கோல்ஸ் என்பது நம்மோடு ஆடியவர்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்த புள்ளி. பலமானவர்களோடு மோதி ஆறு எடுத்தவருக்கு அது அதிகமாக வரும். முதல் ரவுண்டிலேயே தோற்றவர் அதன்பின் கீழே இருப்பவர்களை ஜெயித்து ஜெயித்து மேலே வருவார். கடைசி ரவுண்டில் தோற்றவர் நாள் முழுக்க உச்சியில் இருப்பவர்களோடு மோதியிருப்பார். இருவருக்கும் ஆறுதான், ஆனால் இரண்டாமவருக்கு முன்னுரிமை கிடைப்பது நியாயம். எந்த டை பிரேக், எந்த வரிசையில் என்பதை முதல் ரவுண்டுக்கு முன்பே அறிவித்தாக வேண்டும். மாலையில் அறிவித்தால் யாருக்காகவோ மாற்றினார்கள் என்ற பேச்சு வரும், வருவதில் தப்பும் இல்லை.

ஆறாவது ரவுண்டில் தோற்ற ஒரு பையன் என்னிடம் கேட்டான்: "சார், என்னோட மொத ரவுண்டு ஆடுன பையன் மத்தியானம் வீட்டுக்குப் போயிட்டான். அதனால எனக்குக் குறையுங்களா?" குறையலாம். போனவனுக்கு மீதி ரவுண்டில் புள்ளி கிடையாது. அந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான் 'கட் ஒன்' வந்தது: மிகக் குறைந்த புள்ளி எடுத்த ஓர் எதிராளியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது. முன்னால் சொல்லாமல் பாதியில் கிளம்பிப் போகாதீர்கள் என்று பெற்றோரிடம் நான் கெஞ்சுவதற்கும் காரணம் இதுதான். அவர்கள் பிள்ளையின் போட்டி முடிந்திருக்கலாம். அவனோடு ஆடிய பிள்ளையின் போட்டி முடிந்திருக்காது.

*

அடுத்த குறுவட்டப் போட்டிகளுக்கு முன் இவற்றையெல்லாம் தமிழில், ஒரே தாளில், பிள்ளையே படிக்கிற மாதிரி எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். இப்போது கைக்கு வரும் அறிவிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பெற்றோரை நோக்கி எழுதப்பட்டவை. ஆடப் போகிறவருக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. வயதுப் பத்தி முடிந்தது, பிறந்த தேதிகளோடு. டச் மூவ், ராணி, போன் மூன்றும் முடிந்தன. பக்கத்து ஊர் உடற்கல்வி ஆசிரியை தட்டச்சு செய்து, தன் பள்ளி ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளையை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லிப் பார்த்தார். எங்கே தடுக்கியதோ அங்கே மாற்றினோம். 'முறையற்ற நகர்த்தல்' என்ற இடத்தில் தடுக்கியது. 'தப்பான மூவ்' என்று மாற்றியதும் சரளமாகப் போனது. புக்கோல்ஸ் பத்தி மட்டும் மூன்றாவது முறையாக அடித்தல் திருத்தலோடு மேசையில் கிடக்கிறது.